அரை வாளிப் பெண்கள்

காப்பாளர் எஸ்தர் மேடம் மூன்று மாடியும் ஏறி இறங்கி, அறைக்கு அறை எட்டிப் பார்த்து, "ஒருத்தியும் இல்ல" என்று வாட்ச்மேனிடம் உரக்கச் சொல்லிவிட்டுப் பெரிய கதவைப் பூட்டினார். அந்த நேரத்தில் இரண்டாம் மாடிக் கடைசி அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் செண்பகவல்லி குந்தியிருந்தாள். மூச்சைக்கூட அளந்துதான் விட்டாள்.

வைப்பாறு மகளிர் பல்கலைக்கழகம் கரிசல்காட்டுக்கு நடுவில் இருந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மிளகாயும் கம்பும் உளுந்தும். பக்கத்து ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு பஸ் நிறுத்தம்தான் உண்டு. அதனால் படிக்கிற பெண்கள் முந்நூறு பேரும் அந்த ஒரே விடுதியில் இருந்தார்கள். அத்தனை பேரையும் அன்று சாயங்காலமே மூட்டை கட்ட வைத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் விடுமுறை. பரீட்சையும் இல்லை, பண்டிகையும் இல்லை. நிழல் பார்ப்பது என்று ஏதோ ஒரு ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள், அதற்காக விடுமுறை.

ஆய்வுக்கு ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பும் காவியும் அடிப்பார்கள். பூந்தொட்டிகள் வாடகைக்கு வரும். வந்த ஆள் போனதும் தொட்டிகளும் போகும். அன்றைக்கு மட்டும் சாம்பாரில் காய் மிதக்கும். இந்த முறை அளக்கப்போவது தண்ணீரும் மின்சாரமும் குப்பையும், இந்தப் பல்கலைக்கழகம் இன்னும் நாற்பது வருடம் தாங்குமா என்பதும்தான் என்று கேள்விப்பட்டவுடன் துணைவேந்தர் கோமதிநாயகத்துக்கு ஒரு யோசனை பளிச்சென்று உதித்தது. தண்ணீர் செலவழிப்பதும் விளக்குப் போடுவதும் குப்பை போடுவதும் பெண்கள்தானே? பெண்களே இல்லாவிட்டால்?

செண்பகத்துக்கு மட்டும் அந்த விடுமுறை வேண்டியிருக்கவில்லை.

அவளுடைய அக்கா மாரிக்கனி இப்படித்தான் பத்து நாள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. காட்டில் மிளகாய் பழுத்துக் கிடந்தது, பறிக்க ஆள் கிடைக்கவில்லை. பிறகு அம்மாவுக்கு முழங்கால் வீங்கியது. பிறகு ஆடு குட்டி போட்டது. படிக்காதே என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றுதான் சொன்னார்கள். அக்காவின் பள்ளிக்கூடப் பை இன்னும் வீட்டுச் சுவர் ஆணியில்தான் தொங்குகிறது. உள்ளே இப்போது வெங்காய விதை இருக்கிறது.

இதுவும் மிளகாய் பழுக்கும் காலம். ஆகவே செண்பகம் அம்மாவிடம் "லீவு இல்லம்மா" என்றாள். எஸ்தர் மேடத்திடம் "ஊருக்குப் போறேன் மேடம்" என்றாள். இரண்டு பொய்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடுக்கு இருந்தது. அதற்குள்தான் அவள் இப்போது குந்தியிருந்தாள்.

ஒளிந்திருப்பது அவளுக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. வெளியே இருக்கும்போதும் அவள் கிட்டத்தட்ட அப்படித்தான். வகுப்பில் பேர் கூப்பிட்டால் அவள் சொல்லும் "உள்ளேன் ஐயா" அடுத்த பெஞ்சைத் தாண்டாது. இருந்த நாளிலும் அவளுக்கு ஆப்சென்ட் விழுந்ததுண்டு.

மறுநாள் காலையில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. துணைவேந்தரின் குரலும், கூடவே பழக்கமில்லாத ஒரு பெண் குரலும் ஏறி வந்தன. அந்தப் பெண் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மங்களேஸ்வரி. வசதி குறைந்த நாடுகளின் பல்கலைக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து அமைத்துக்கொண்ட மன்றத்தின் மதிப்பீட்டாளர். செண்பகம் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள்.

"இது என்ன மேடம், பொட்டு மாதிரி இருக்கு?" என்றார் துணைவேந்தர்.

"பொட்டெண்டே வச்சுக்கொள்ளுங்கோ ஐயா. குழாயில ஒண்டு, படியில ஒண்டு, சாக்கடையில ஒண்டு, மரத்தடியில ஒண்டு. தண்ணியையும் வெளிச்சத்தையும் காலடியையும் ஆள் அசையிறதையும் இது கேட்டுக்கொண்டு இருக்கும். படம் எடுக்காது, கதைக்கிறதை எடுக்காது. பயப்பட வேண்டாம்."

"கேட்டு என்ன செய்யும்?"

"இந்த வளாகத்துக்கு ஒரு நிழல் வளர்க்கும். இதே கட்டடம், இதே கிணறு, இதே சனம். அந்த நிழலை நாப்பது வருசம் ஓட விடுவம். எங்களுக்கு ஒரு மணித்தியாலம், நிழலுக்கு நாப்பது வருசம். கடைசியில கிணத்தில தண்ணி நிக்குதோ, மண் உயிரோட இருக்குதோ எண்டு பாத்து மார்க் போடுறது."

"முன்னெல்லாம் ஃபாரம் குடுப்பாங்க. நாங்களே நிரப்பி அனுப்பிருவோம்." துணைவேந்தரின் குரலில் ஏக்கம் தெரிந்தது.

"ஓம், அந்த ஃபாரத்தை நானும் நிரப்பினனான். பணக்கார நாட்டில எழுதினது. வீதியில விழுற பனியை எப்பிடி அள்ளுறியள் எண்டு அதில ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்தில பனியை நான் எங்க தேடுறது?"

"அதுக்கு நாங்க 'திருப்திகரம்'னு எழுதினோம்."

மங்களேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "பிள்ளையள் எங்க? சத்தத்தைக் காணேல்லை" என்றார்.

"கிளாஸ்ல இருக்காங்க. நம்ம பிள்ளைங்க ரொம்ப அமைதி."

"நல்லம். எப்பவும் போல இருக்கச் சொல்லுங்கோ. பொட்டை ஒட்டிப்போட்டு நானும் போயிடுவன். ஆள் நிண்டால் சனம் நடிக்கும். அதாலதான் இந்த ஏற்பாடு."

செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. செண்பகம் மெல்ல எட்டிப் பார்த்தாள். குளியலறைக் குழாய்களின் நெற்றியில் எல்லாம் செம்பு நிறத்தில் ஒவ்வொரு பொட்டு. படிக்கட்டின் கைப்பிடியில் ஒன்று. நடைபாதையில் விளக்குக்குக் கீழே ஒன்று. குழாயைத் திறந்தால் இது போய்ச் சொல்லிவிடும் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். விளக்கைப் போட்டால் சொல்லிவிடும். நடந்தால் சொல்லிவிடும்.

அன்றிலிருந்து அவள் ஆளில்லாத விடுதியின் ஆளில்லாத பெண்ணாக வாழத் தொடங்கினாள்.

கடைசிக் குளியலறைச் சுவருக்குள் ஒரு குழாய் மாதக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்தது. செண்பகத்தின் கட்டிலுக்கு நேர் பின்னால்தான் அந்தச் சுவர். ஈரம் அவள் தலையணை வரை வந்தும் அவள் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது அதுவே துணைக்கு வந்தது. தாவணியை நாலாக மடித்துத் தரையில் போட்டு, சத்தம் வராமல் அதன்மேல் வாளியை வைத்தாள். சொட்டுச் சொட்டாக விழுந்து பொழுது சாய்வதற்குள் அரை வாளி சேரும். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதுதான். குதிகாலைத் தூக்கி விரலால் நடந்தாள். இருமல் வந்தால் துணியை வாயில் அமுக்கிக்கொண்டாள். துவைத்ததைக் கொடியில் போடவில்லை. கட்டில் சட்டத்துக்கு அடியில் விரித்தாள். இருட்டியதும் படுத்துவிட்டாள்.

சாப்பாட்டுக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பாக்கெட்டுகள் இருந்தன. கடலைமிட்டாயைச் சத்தமில்லாமல் கடிக்க முடியாது. கன்னத்தில் அதக்கி ஊற வைத்துத் தின்றாள். அதுவும் தீரப்போன நாளில் மாடிப்படியில் சாவிக்கொத்து குலுங்கியது.

"பூனைக்கு வச்சிருக்கேன்! யாரும் தொடக்கூடாது!" என்று எஸ்தர் மேடம் அந்த வெற்று விடுதியில் கத்திவிட்டு இறங்கிப் போனார்.

கருப்பி என்று ஒரு பூனை விடுதியில் இருந்தது உண்மைதான். படியில் வாழையிலைக்குள் இட்லி இருந்தது. மேலே நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி. செண்பகம் மனதுக்குள் கருப்பியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு துணுக்கு விடாமல் தின்றாள். மறுநாள் தயிர்சாதமும் மாவடுவும் வந்தன. கருப்பிக்குக் கொடுத்துவைத்த வாழ்வு என்று நினைத்துக்கொண்டாள். பசி அதற்கு மேல் யோசிக்க விடவில்லை.

விடுமுறை முடிந்து பெண்கள் கூட்டமாக வந்து இறங்கியபோது, அந்தச் சந்தடியில் அவளும் பையோடு படியிறங்கி மறுபடி ஏறினாள். ஒருவருக்கும் தெரியவில்லை.

"ஏட்டி, எளச்சுப் போயிட்டியே! ஊர்ல சோறு போடலையா?" என்றாள் அறைத்தோழி முத்துப்பேச்சி. முத்துப்பேச்சி ரகசியம் பேசினால் மூன்று மாடிக்கும் கேட்கும்.

இரண்டு நாள் கழித்து நிழலைக் காட்டுவதற்காக எல்லாரையும் பெரிய அரங்கில் உட்கார வைத்தார்கள். மேடைத் தரையில் மங்களேஸ்வரி ஒரு கருவியை வைத்துத் தட்டியதும், வெளிச்சத்தாலேயே செய்தாற்போல் முழங்கால் உயரத்தில் வைப்பாறு பல்கலைக்கழகம் எழுந்து நின்றது. கொலுவில் வைத்த ஊர் மாதிரி இருந்தது. நூலகம், ஊருணி, வேப்பமரங்கள், விடுதி. ஓரத்தில் வருடக் கணக்கு ஓடியது. மழை வந்தது, போனது. ஊருணி தளும்பியது. வேப்பங்கன்றுகள் தோப்பாயின. தோப்புக்குள் மயில்கள் வந்தன. மேலே மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. அரங்கம் கைதட்டியது. துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முப்பதாவது வருடத்தில் மங்களேஸ்வரி நிழலை நிறுத்தினார். விடுதியின் கூரையைப் பெட்டி மூடி போல் திறந்து காட்டினார். உள்ளே விரல் உயரத்தில் பெண்கள் இருந்தார்கள். முகம் தெரியாத சாம்பல் நிற உருவங்கள். ஒவ்வொருத்தியும் குதிகாலைத் தூக்கி நடந்தாள். ஒவ்வொரு தளத்திலும் சுவரோரமாக வரிசையில் நின்று, ஒழுகும் தண்ணீருக்காகக் காத்திருந்தார்கள். முறை வந்ததும் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் வாளியை வைத்தார்கள். அரை வாளி சேர்ந்ததும் எடுத்துக்கொண்டு விரலால் நடந்து போனார்கள். ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை.

"ஏட்டி, இவளுக ஏன் திருடிக மாதிரி நடக்காளுக?" என்றாள் முத்துப்பேச்சி.

"மடத்துல சேர்ந்துட்டாளுக போல" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

"ஒருத்தியும் ஒருத்திகூடப் பேசக் காணோமே. கொடியில ஒரு துணியும் காயலையே."

செண்பகம் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டாள். மடித்த தாவணி. வாயில் அமுக்கிய துணி. அத்தனை பேருமே இருமல் வந்தபோது ஒரே மாதிரி குனிந்தார்கள். இப்படிக் குனிகிறவள் உலகத்தில் ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரியும். முந்நூறு செண்பகவல்லிகள். முப்பது வருடமாக ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

துணைவேந்தர் மைக்கைப் பிடித்தார். "பார்த்தீங்களா! எத்தனை நாடு, எத்தனை பல்கலைக்கழகம், நாமதான் முதலிடம்! இதைக் காப்பாத்தணும். வருசாவருசம் பொட்டு வச்சுப் பார்ப்பாங்க. நிழல் எப்படி வாழ்ந்துச்சோ அப்படியே நாமளும் வாழ்ந்து காட்டணும். இன்னையிலிருந்து ஆளுக்கு நாளைக்கு அரை வாளி. மாடியில விளக்கு கிடையாது. கொடியைக் கழட்டச் சொல்லிட்டேன்."

அரங்கம் தேன்கூட்டில் கல் விழுந்தது போல் ஆனது.

"அரை வாளியில எப்படி சார் தலைக்குக் குளிக்க?"

"நிழல்ல குளிக்காங்கள்ல!"

"அவளுக்குத் தலையில முடி இருக்கான்னே தெரியலையே சார்!"

மங்களேஸ்வரி கைதட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை என்பதைச் செண்பகம் கவனித்தாள். அவர் உதட்டில் விரலை வைத்து அந்தச் சாம்பல் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பது போல.

வாய் திறந்தால் எல்லாம் போகும். பொய் சொன்னவள், பூட்டிய விடுதியில் ஒளிந்தவள் என்று பையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் மிளகாய் இன்னும் பறித்து முடிந்திருக்காது. அக்காவின் பைக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடிக்க இடம் இருக்கிறது. வாய் திறக்காவிட்டால் இந்த முந்நூறு பேரும் இனி அவளைப் போல வாழ வேண்டும். முத்துப்பேச்சிகூட விரலால் நடக்க வேண்டும். முத்துப்பேச்சி விரலால் நடப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எழுந்து நின்றாள்.

"என்னட்டி, ஒண்ணுக்குப் போணுமா?" என்றாள் முத்துப்பேச்சி.

"அது நாந்தான்" என்றாள் செண்பகம். வழக்கம்போல அடுத்த பெஞ்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

"என்னது?"

"அது நாந்தான்."

முத்துப்பேச்சி பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். "ஏ, எல்லாரும் வாயை மூடுங்க! இவ என்னமோ சொல்லுதா!"

அரங்கம் அடங்கியது. இப்போது பேசாமல் இருக்க முடியாது.

"அந்த முந்நூறு பேரும் நாந்தான் மேடம்" என்றாள் செண்பகம். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. "பொட்டு வச்சிருந்தப்ப நான் இரண்டாம் மாடியில ஒளிஞ்சிருந்தேன். வாளிச் சத்தம் கேட்டுரக்கூடாதுன்னு தாவணிய மடிச்சுப் போட்டேன். எனக்கு அரை வாளி போதும்னு இல்ல மேடம். குழாயைத் திறக்கப் பயம்."

"ஒளிச்சிருந்தனீரோ? எதுக்குப் பிள்ளை ஒளிக்கோணும்?" என்றார் மங்களேஸ்வரி.

செண்பகம் துணைவேந்தரைப் பார்த்தாள். அதைச் சொன்னால் பல்கலைக்கழகத்தையே காட்டிக் கொடுத்தது போலாகும். அந்தத் தயக்கத்தில் துணைவேந்தருக்குப் பொறுமை போய்விட்டது.

"லீவு விட்டா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே! உன்னை யாரு உள்ள இருக்கச் சொன்னா?" என்று மைக்கிலேயே கத்தினார்.

"லீவோ?" என்றார் மங்களேஸ்வரி.

துணைவேந்தர் மைக்கைப் பார்த்தார், அது தானாகப் பேசிவிட்டது போல.

"பிள்ளையள் வகுப்பில எண்டு சொன்னியளே ஐயா."

"இன்ஸ்பெக்‌ஷன்னு வந்தா... வழக்கமா... ஒரு இது தானே மேடம்."

திட்டப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். மங்களேஸ்வரியோ நாற்காலியில் சாய்ந்து, நெஞ்சில் கை வைத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அப்பாடா" என்றார். "மூண்டு நாளா நான் நித்திரை கொள்ளேல்லை, தெரியுமோ? பொட்டு சொன்னதைப் பாத்துப் பயந்து போனன். முப்பது வருசமா ஒரு பிள்ளை படியில ஓடேல்லை. இஞ்ச பிள்ளையளை அடிச்சு வச்சிருக்கினமோ எண்டு நினைச்சன். இண்டைக்குக் காட்டிப்போட்டு, ஒரு பிள்ளையைத் தனியக் கூப்பிட்டு விசாரிக்கோணும் எண்டுதான் வந்தனான்."

"அப்போ மெசின் தப்பா?" என்றார் துணைவேந்தர் நம்பிக்கையோடு.

"மெசின் பிழை விடேல்லை. கட்டில் முந்நூறு எண்டு அதுக்குத் தெரியும். கட்டிலில இருக்கிற ஆள் எப்பிடி இருக்கிறா எண்டு கேட்டுது. கேக்கக் கிடைச்சது ஒரே ஒரு பிள்ளை. அந்த ஒரு பிள்ளையின்ர பயத்தை முந்நூறாப் பெருக்கிப் போட்டுது." அவர் கருவியைத் தட்டினார். "மிச்சப் பத்து வருசத்தையும் பாருங்கோ."

நிழல் மறுபடி ஓடியது. வருடத்துக்கு வருடம் விடுதியில் ஆள் குறைந்தது. அப்படி வாழ யார் வந்து சேருவார்கள்? ஒழுகும் சுவர்களுக்கு முன்னால் வரிசை சின்னதாகிக்கொண்டே போனது. நாற்பதாவது வருடம் விடுதியில் ஒருவரும் இல்லை. நூலகத்தில் ஒருவரும் இல்லை. ஊருணி தளும்பிக்கொண்டிருந்தது, மயில்கள் அகவின. மேலே மதிப்பெண் நூற்றுக்கு நூறு.

அரங்கத்தில் ஒருவரும் கைதட்டவில்லை.

"ஆளில்லாத இடத்துக்கு முழு மார்க்" என்றார் மங்களேஸ்வரி. "நீங்கள் கள்ளம் செய்தியள்தான், ஐயா. ஆனா எங்கட அளவுகோலும் அதைப் பாத்து நல்லம் எண்டு சொன்னது. எங்கட நாடுகளைப் பாத்து, குறைச்சல் தண்ணி, குறைச்சல் கரண்ட், கெட்டிக்காரர் எண்டு புகழுவினம். யோசிச்சுக் குறைச்சதோ, இல்லாமல் குறைஞ்சதோ, பயத்தில குறைஞ்சதோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. நானும் கேக்கேல்லை."

துணைவேந்தர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப முதலிடம் போச்சு."

"போச்சு. திருப்பி அளப்பம். எங்கட ஊரிலயும் ஆள் வந்தால் மரத்துக்கு வெள்ளை அடிக்கிறவைதான். ஒருக்கால் மன்னிக்கலாம்."

துணைவேந்தர் கையிலிருந்த மைக்கைக் கீழே வைத்தார். பிறகு, "அரை வாளியில எங்க வீட்டுலயே நடக்காது மேடம்" என்றார் மெதுவாக. ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது அவர் முகம். ஆனால் செண்பகத்தைப் பார்த்ததும் மறுபடி நிமிர்ந்தார். "இந்தப் பிள்ளை மேல மட்டும் நடவடிக்கை எடுக்கணும். பூட்டின விடுதிக்குள்ள..."

சாவிக்கொத்து குலுங்கியது. எஸ்தர் மேடம் எழுந்து நின்றிருந்தார்.

"அப்போ எம் மேலயும் எடுக்கணும் சார்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பார்க்கலை சார். பார்த்தா சொல்லணும்ல, அதான் பார்க்கலை. பூனைக்குச் சோறு வச்சேன், அம்புட்டுதான்."

"கருப்பிக்கா?" என்றாள் முத்துப்பேச்சி. "கருப்பி எங்க பையோட பையா எங்க ஊருக்குல்லா வந்துச்சு! பஸ்ல கண்டக்டர் சண்டை போட்டாரே!"

சிரிப்பு கூரையைத் தொட்டது. துணைவேந்தரும் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார். நடவடிக்கைப் பேச்சு அதோடு போயிற்று. செண்பகம் மட்டும் சிரிக்கவில்லை. எண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடியை நினைத்துக்கொண்டிருந்தாள். எந்த ஊர்ப் பூனை இட்லிக்குப் பொடி தொட்டுக்கொள்ளும்?

சாயங்காலம் எஸ்தர் மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

"உட்காரு பிள்ளை. எல்லாரும் பஸ் ஏறும்போது உன்னைக் காணோம். மாடிக்கு வந்து பார்த்தேன். கட்டிலுக்கு அங்கிட்டு ஒரு சடை தெரிஞ்சுது. நான் பாட்டுக்கு இறங்கிட்டேன். ஆனா பெத்தவளுக்குச் சொல்லாம இருக்க முடியுமா? உங்கம்மாவுக்குப் போன் போட்டேன்."

செண்பகம் தலையை நிமிர்த்தினாள். "அம்மாவுக்குத் தெரியுமா? என்ன சொன்னாங்க?"

"முதல்ல நீ சாப்பிட்டியான்னு கேட்டா. அப்புறம் சொன்னா, 'அங்கனயே இருக்கட்டும் டீச்சர். இங்க வந்தா நான் போகச் சொல்லுவேன்தான், ஆனா காட்டுல பழத்தைப் பார்த்ததும் நாளைக்குப் போன்னு என் வாயே சொல்லிரும். மூத்தவளுக்கு அப்படித்தான் ஆச்சு. நீங்க வச்சுக்கோங்க'ன்னா." எஸ்தர் மேடம் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "மிளகாய்ப்பொடி பிடிக்கும்னு அவதான் சொன்னா."

செண்பகம் அழுதாள். வாயில் துணியை அமுக்கிக்கொள்ளவில்லை.

மறுபடி பொட்டு வைத்தார்கள். முதல் இரண்டு நாள் முந்நூறு பேரும் கல்யாணப் பெண் போல நல்லபிள்ளைகளாக நடந்தார்கள். எஸ்தர் மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "எப்பவும் போல இருங்கட்டி! சண்டை போடுங்க! இல்லைன்னா அதுவும் பொய்யாப் போயிரும்!" என்று மாடி மாடியாகக் கத்தினார். மூன்றாம் நாள் குளியலறை வாசலில் வாளிச் சண்டை வந்தபோதுதான் அவருக்கு நிம்மதி. கொடி மறுபடி கட்டியிருந்தது. கொடி கொள்ளாமல் மாடிக் கைப்பிடியெல்லாம் துணி காய்ந்தது. அந்த வாரத்தில்தான், சுவருக்குள் ஒழுகும் குழாயைப் பற்றி அலுவலக வாசலில் நின்று ஒருத்தி சத்தம் போட்டாள். பிளம்பர் வந்து சுவரை உடைத்துச் சரிசெய்துவிட்டுப் போனார்.

இரண்டாவது நிழலுக்கு அரங்கத்தில் அவ்வளவு கைதட்டல் இல்லை. மயில்கள் குறைவு. ஊருணி சில வருடம் தளும்பியது, சில வருடம் வெடித்துக் கிடந்தது. ஒரு வறட்சியில் பெண்கள் காலி வாளிகளோடு நிர்வாகக் கட்டடத்தைச் சுற்றி நின்றதைப் பார்த்துத் துணைவேந்தர் தன்னையறியாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஆனால் அடுத்த வருடமே நூலகத்துக்குப் பின்னால் மழைநீர்க் குளம் ஒன்று வெட்டப்பட்டது. எங்கே ஒழுகினாலும் யாரோ ஒருத்தி கத்தினாள். கத்திய இடம் எல்லாம் சரியானது. நாற்பதாவது வருடத்தில் கிணற்றில் தண்ணீர் நின்றது. தளும்பவில்லை; நின்றது. விடுதியில் ஆள் இருந்தது. கொடி நிறையத் துணி இருந்தது.

"நடுவில ஒரு இடம்" என்றார் மங்களேஸ்வரி. "நல்ல இடம்தான். இனி நான் போற ஊரெல்லாம் கொடிக்கும் ஒரு பொட்டு வைக்கப்போறன்."

கூட்டம் கலைந்தபின் செண்பகம் மேடைக்குப் பக்கத்தில் தயங்கி நின்றாள். "மேடம், படிச் சத்தம் மட்டும் கேட்க முடியுமா?"

மங்களேஸ்வரி கருவியைத் திருப்பி வைத்தார். விடுதி மாடிப்படியில் நூற்றுக்கணக்கான கால்கள் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு அந்த விரல் நடையைத் தேடினாள். அந்த ஒருத்தி பாவம், கூட்டத்துக்குள் எங்கோ ஒரு மூலையில் இன்னும் பயந்து நடந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தாள். கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு செருப்பு படார் படாரென்று, இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி, மற்ற எல்லாச் சத்தத்தையும் அமுக்கியது.

"யாரு மேடம் இது, படி உடைஞ்சு போற மாதிரி? முத்துப்பேச்சியா?"

மங்களேஸ்வரி குனிந்து பார்த்தார். "பேர் இதுக்குத் தெரியாது. எந்தக் கட்டிலில இருந்து எழும்பி வருது எண்டு மட்டும் சொல்லும்." ஒரு கணம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இரண்டாம் மாடி, கடைசி அறை. சுவரோரக் கட்டில்."

செண்பகம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பிளம்பரைக் கூப்பிடச் சொல்லி ஆபீஸ் வாசல்ல சத்தம் போட ஓடினது யாருன்னு நினைச்ச?" என்றார் வாசலில் நின்ற எஸ்தர் மேடம். "மெதுவா இறங்குட்டின்னு நானும் தினம் கத்துதேன், கேட்டாத்தானே."

செண்பகம் கையை எடுத்தாள். அவளுடைய சிரிப்பு காலி அரங்கத்தின் கடைசிப் பெஞ்சு வரை போய்த் திரும்பி வந்தது.